இடிந்த ஆலயத்தில் பழைய மாதாவும் புதிய எஃகும்: கொலோன் நகரின் கொலும்பா அருங்காட்சியகம்

ஜெர்மனியின் கொலோன் நகரில், பேராலயத்திலிருந்து சில நிமிட நடையில், புனித கொலும்பா ஆலயம் இருந்தது. இடைக்காலத்தில் ஊரின் பெரிய பங்குக் கோயில் அது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அது நொறுங்கியது. கூரை போய்விட்டது, வெளிச்சுவர்களில் சில துண்டுகள் மிஞ்சின. உள்ளே ஒரு தூணை ஒட்டியிருந்த 15ஆம் நூற்றாண்டு மாதா சுரூபம் மட்டும் விழவில்லை. ஊரே கல்லும் சாம்பலுமாகக் கிடந்த நாட்களில் மக்கள் அந்தச் சுரூபத்தைத் தேடி வந்தார்கள். 'இடிபாடுகளின் மாதா' என்று அவர்களே பெயரும் வைத்தார்கள்.

1949-50இல் கோட்ஃபிரீட் பேம் என்ற இளம் கட்டடக் கலைஞர் இந்தச் சுரூபத்துக்காக எண்கோண வடிவில் ஒரு சிற்றாலயம் கட்டினார். அவர் தனியாகச் செய்த முதல் வேலை அது. மாதாவுக்குப் பின்னால் கல் சுவர் வைக்காமல் கண்ணாடி வைத்தார். அந்தக் கண்ணாடிகளில் லுட்விக் கீஸ் என்ற சிற்பி 1954இல் தேவதூதர்களை வரைந்தார். உள்ளே எவால்ட் மாத்தாரே செதுக்கிய புனித அந்தோனியார் இருக்கிறார். போருக்கு முன்பே, 1911இல், யான் தோர்ன் பிரிக்கர் செய்த புனித கத்தரீனாள் சன்னலும் இருக்கிறது. ஆக, 15ஆம் நூற்றாண்டுச் சுரூபமும் 20ஆம் நூற்றாண்டுக் கலையும் ஒரே கூரைக்குக் கீழ் வருவது இந்த இடத்துக்குப் புதிதில்லை. யாரும் அதைக் கண்காட்சி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். மக்கள் வந்து மெழுகுதிரி ஏற்றினார்கள். இன்றைக்கும் ஏற்றுகிறார்கள்.

இந்த நிகழ்வாய்வுக்கு நான் கொலும்பாவை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய கிறிஸ்தவக் கலையையும் இன்றைய கலையையும் சேர்த்து வைக்கும் கண்காட்சிகளில் பெரும்பாலும் சாயலை வைத்தே ஜோடி சேர்க்கிறார்கள். ஒரு பக்கம் பழைய வியாகுல மாதா. இன்னொரு பக்கம் இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் ஒரு தாயின் இன்றைய புகைப்படம். 'ஆமாம், ஒரே மாதிரி இருக்கிறது' என்று தலையை ஆட்டிவிட்டு நாம் அடுத்த அறைக்குப் போய்விடுகிறோம். சாயல் பிடிபட்ட அந்த நொடியிலேயே பார்ப்பது முடிந்துவிடுகிறது. கொலும்பாவில் இருப்பவர்கள் இதை நன்றாக யோசித்து, வேறு வழியில் போனார்கள். அந்த வழியையும் அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் பார்ப்போம்.

அருங்காட்சியகம் எடுத்த முடிவுகள்

இந்த அருங்காட்சியகத்தின் வேர் 1853இல் தொடங்கிய ஒரு கிறிஸ்தவக் கலைச் சங்கம். 1989இல் கொலோன் உயர்மறைமாவட்டம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அப்போது அது பேராலயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் இருந்தது. 1990இல் யோவாகிம் ப்ளோட்செக் இயக்குநராக வந்தார். அவர் காலத்தில்தான் இன்றைய கலையைத் தீவிரமாகச் சேகரிக்கத் தொடங்கினார்கள்.

எதைச் சேகரித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இயேசுவையும் சிலுவையையும் வரையும் இன்றைய ஓவியர்களாகத் தேடிப் போயிருந்தால் ஒரு மறைமாவட்ட அருங்காட்சியகத்துக்கு அது சுலபமாக இருந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஜோசப் பாய்ஸ், யானிஸ் குனெல்லிஸ், பால் தெக், ரிச்சர்ட் செரா என்று போனார்கள். ஒரே நிறம் பூசிய ஜோசப் மரியோனியின் ஓவியங்களையும் வாங்கினார்கள். இவர்களில் பலர் திருச்சபைக்காக வேலை செய்தவர்களே கிடையாது. பழைய செபமாலைகளும், 20ஆம் நூற்றாண்டின் வீட்டுப் பயன்பாட்டுப் பொருட்களும்கூட இந்தச் சேகரிப்பில் உண்டு. 'இது கிறிஸ்தவக் கலையா?' என்று ஒவ்வொரு பொருளிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. பழைய திருவுருவத்துக்குப் பக்கத்தில் நிற்கும் தகுதி இதற்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். சாவு, உடல், காத்திருப்பு, வெறுமை, மன்றாட்டு ஆகியவற்றை இது உண்மையாகத் தொடுகிறதா என்ற கேள்விதான் அது.

புதிய கட்டடத்துக்கான போட்டியில் 1997இல் சுவிட்சர்லாந்தின் பேட்டர் சூம்தோர் வென்றார். 2007 செப்டம்பர் 14 அன்று, திருச்சிலுவை மகிமை விழா நாளில், அருங்காட்சியகம் திறந்தது. கட்டடத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். இடிந்த கோதிக் சுவர்களை அகற்றாமல் அவற்றின் மேலேயே புதிய சுவரை எழுப்பியிருக்கிறார். டென்மார்க்கில் கையால் செய்த மெல்லிய, நீளமான சாம்பல் நிறச் செங்கல். கீழ்த்தளத்தில் 1970களில் தோண்டியெடுத்த ரோமானியர் காலத்து, இடைக்காலத்து அடித்தளங்கள் அப்படியே கிடக்கின்றன. அவற்றுக்கு மேலே வளைந்து வளைந்து ஒரு மரப்பாதை போகிறது. சுவரில் விட்டிருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகள் வழியாக வெளிச்சமும் காற்றும் உள்ளே வருகின்றன. பேம் கட்டிய சிற்றாலயம் இந்தப் பெரிய கூடத்துக்குள்ளேயே நிற்கிறது. ஆனால் அதற்குத் தெருவிலிருந்து தனி வாசல். கும்பிட வருகிறவர் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

அந்தக் கூடத்தில் புறாக்கள் குமுறும் சத்தம் கேட்கும். பில் ஃபோன்டானா என்ற ஒலிக் கலைஞர், கூரை இல்லாத இடிபாட்டில் புறாக்கள் குடியிருந்த 1994இல் பதிவு செய்த சத்தம் அது. இலத்தீனில் கொலும்பா என்றால் புறா. கட்டடம் வந்ததும் புறாக்கள் இடம் இழந்தன, குரல் மட்டும் தங்கிவிட்டது.

மேலே 16 அறைகள். ஒவ்வோர் ஆண்டும் மூடி, பெரும்பகுதியை மாற்றி, புதிய தலைப்பில் மறுபடியும் திறக்கிறார்கள். வெளியிலிருந்து இரவல் வாங்கிக் கூட்டம் சேர்ப்பது இவர்கள் வழக்கமில்லை. சொந்தச் சேகரிப்பையே திரும்பத் திரும்பக் கலைத்து அடுக்குகிறார்கள். போன ஆண்டு ஓர் ஒற்றை நிற ஓவியத்துக்கு எதிரில் இருந்த பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் சிலை) இந்த ஆண்டு ஒரு வானொலிப் பெட்டியின் பக்கத்தில் இருக்கலாம். எந்த ஜோடியும் இறுதியானது கிடையாது என்பதால் தவறு செய்யவும் இடமிருக்கிறது. இரண்டு மாதக் கண்காட்சிக்கு உலகத்தின் மறுகோடியிலிருந்து ஓர் ஓவியத்தைக் கொண்டுவரும் காப்பாட்சியருக்கு இந்தச் சுதந்திரம் கிடைக்காது.

கருவூலத்துக்கு இங்கே 'அர்மாரியம்' என்று பெயர். நம் வீட்டு அலமாரியும் அதே இலத்தீன் சொல்தான், போர்ச்சுகீசியர் வழியாக வந்தது.

விளக்க அட்டை இல்லை

கொலும்பாவில் எந்தப் பொருளுக்குப் பக்கத்திலும் விளக்க அட்டை கிடையாது. பெயர், ஆண்டு, பொருள் எதுவும் சுவரில் இல்லை. வாசலில் ஒரு சின்னப் புத்தகம் கையில் தருவார்கள். வேண்டுமென்றால் பிரித்துப் பார்க்கலாம், வேண்டாமென்றால் பையில் போட்டுக்கொள்ளலாம். பழையதையும் புதியதையும் சேர்த்து வைக்கும் முயற்சியில் இவர்கள் செய்த மிகத் துணிச்சலான காரியம் இதுதான் என்பேன்.

கொலோன் ஓவியர் ஸ்டெஃபான் லோக்னரின் 'ஊதாப்பூ மாதா'வை எடுத்துக்கொள்வோம். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், 15ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்தது. பக்கத்தில் அட்டை இருந்தால் கண் முதலில் அட்டைக்குத்தான் போகும். 'லோக்னர்' என்று வாசித்ததும் 'பெரிய ஆள்' என்று மனம் முடிவு கட்டிவிடும். ஆண்டைப் பார்த்ததும் 'பழசு' என்று ஓர் அடுக்கில் வைத்துவிடும். அட்டை இல்லாதபோது நிற்பது நாமும் அந்தப் பெண்ணும் மட்டும். கையில் என்ன வைத்திருக்கிறாள்? ஒரு சின்னப் பூ. இவ்வளவு பெரிய உருவத்தின் கையில் ஏன் இவ்வளவு சின்னப் பூ? ஊதாப்பூ தாழ்ச்சியின் அடையாளம் என்று தெரியாதவருக்கும் அந்த அளவு வித்தியாசம் கண்ணில் படும். அப்புறம் கீழே பார்த்தால், மூலையில் பொம்மை அளவில் ஒரு பெண் முழந்தாளிட்டிருக்கிறாள். இந்த ஓவியத்தைச் செய்வித்த மடத்துத் தலைவி எலிசபெத் ஃபான் ரைஷென்ஸ்டைன் அவள். பணம் கொடுத்தவளே பூவைப் போலச் சிறியவளாக இருக்கிறாள்.

அட்டை போனதும் பழையதற்கும் புதியதற்கும் இடையிலிருந்த ஒரு வேலி போய்விடுகிறது. இன்றைய கலைக்குப் பக்கத்தில் அரைப் பக்க விளக்கம் ஒட்டுவது வழக்கம், பழையதற்கு இரண்டு வரி போதும். புதியதைப் புரியவைக்க வேண்டும், பழையது தானாகப் புரியும் என்று அந்த நீளமே சொல்லிக்கொடுத்துவிடும். உண்மையில் இன்று இரண்டுமே நமக்குப் புதிர்தான்.

இரண்டு பொன்

இதே சேகரிப்பில் குனெல்லிஸின் ஒரு படைப்பு உண்டு. 1975இல் நேப்பிள்ஸில் முதலில் செய்தது, பெயர் 'குடிமைத் துயரம்'. ஒரு முழுச் சுவரும் தங்க ரேக்கால் மூடியிருக்கிறது. அதன் முன்னால் மரத்தாலான ஒரு கோட்டுத் தாங்கி. அதில் ஒரு கறுப்புக் கோட்டும் தொப்பியும். பக்கத்தில் எரியும் ஓர் எண்ணெய் விளக்கு. மனிதர் யாரும் இல்லை.

குனெல்லிஸ் 1936இல் கிரீஸின் பிரேயுஸ் துறைமுக நகரில் பிறந்தவர். பொன் பின்னணியில் புனிதர்கள் நிற்கும் திருவோவியங்களின் மண் அது. லோக்னரின் கொலோனிலும் பொன் என்றால் வானம்தான். இந்த இரண்டையும் மனதில் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. லோக்னரின் உலகத்தில் வானத்திலிருந்து எல்லோரும் இறங்கி வந்திருக்கிறார்கள். தந்தை மேலே இருக்கிறார், ஆவியானவர் புறாவாக வருகிறார், தூதர்கள் திரை பிடிக்கிறார்கள், குழந்தை கையில் இருக்கிறது. குனெல்லிஸிடம் பொன் மட்டும் இருக்கிறது, எல்லோரும் போய்விட்டார்கள். யாரோ ஒருவர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனார். உள்ளே போனாரா, இல்லாமலே போனாரா தெரியாது. ஆனால் விளக்கு எரிகிறது. கத்தோலிக்க ஆலயத்தில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் எரியும் அணையா விளக்கைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்த விளக்கு சும்மா இருக்காது.

இது என் வாசிப்பு. குனெல்லிஸ் இதை ஆலயத்துக்காகச் செய்யவில்லை, தலைப்பிலேயே 'குடிமை' என்றுதான் வைத்தார். அப்படியிருந்தும் லோக்னரைப் பார்த்த கண்ணோடு இதைப் பார்த்தால் அதன் வெறுமை கூடுகிறது. இதைப் பார்த்த கண்ணோடு லோக்னரிடம் திரும்பினால் அந்தக் கூட்டமும் நெருக்கமும் திடீரென்று ஆச்சரியமாக இருக்கின்றன. பழைய ஓவியத்தைப் பழகிப்போன பண்டிகை வாழ்த்து அட்டையாக்கிய நம் சோம்பலைக் கோட்டுத் தாங்கி கலைக்கிறது. இரண்டுக்கும் வடிவச் சாயல் எதுவும் கிடையாது. பொன் என்ற ஒரே பொருளும், ஒருவர் இருக்கிறாரா என்ற ஒரே கேள்வியும்தான் நடுவில் நிற்கின்றன.

2012-13 ஆண்டுக் கண்காட்சியில் இதே முறை ஒரு கலைஞரைச் சுற்றி வந்தது. அமெரிக்கரான பால் தெக் 1933இல் பிறந்து, எய்ட்ஸ் நோயால் 1988இல் இறந்தவர். கத்தோலிக்கர், துறவு மடத்தில் சேர ஏங்கியவர். 1963இல் சிசிலியின் பலெர்மோவில் கப்புச்சின் துறவிகளின் நிலவறையில் பதப்படுத்திய உடல்களைப் பார்த்த பிறகு, மெழுகில் இறைச்சித் துண்டுகளைச் செய்து ஒளி ஊடுருவும் பெட்டிகளில் அடைத்தார். இடைக்காலத்துப் புனிதப் பண்டப் பேழைகளும் அதைத்தான் செய்தன. புனிதரின் எலும்பைப் பொன்னில் பொதித்து, படிகக் கண்ணாடி வழியாகக் காட்டின. அந்தக் கண்காட்சிக்கு 'கலை என்பது வழிபாடு' என்று பெயர் வைத்தார்கள். தெக்கைப் பார்த்துவிட்டு ஒரு பண்டப் பேழைக்கு முன்னால் நிற்கும்போது, உள்ளே இருப்பது ஓர் ஆளின் எலும்பு என்பது மறுபடியும் உறைக்கிறது. பொன் வேலைப்பாட்டை ரசித்து ரசித்து நாம் மறந்துபோன விஷயம் அது.

சக்கிரீஸ்துவில் செரா

எனக்கு மிகவும் கடினமாக இருப்பது ரிச்சர்ட் செராவின் படைப்பு. இரண்டு கனத்த எஃகுத் துண்டுகள், ஒவ்வொன்றும் கோணமாக வளைந்தது, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றது விழும். 'மூழ்கியவர்களும் மீட்கப்பட்டவர்களும்' என்பது பெயர். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பிய பிரீமோ லேவியின் நூல் தலைப்பு அது. செரா இதை முதலில் 1992இல் கொலோனுக்கு அருகில் ஸ்டொம்மெல்ன் என்ற ஊரின் யூதத் தொழுகைக்கூடத்தில் வைத்தார். 1937இலேயே ஒரு விவசாயிக்கு விற்கப்பட்டிருந்ததால், மறு ஆண்டு நாஜிகள் எரித்த கூடங்களின் கூட்டத்தில் சேராமல் தப்பிய கட்டடம் அது.

1997இல் இந்த எஃகு கொலும்பாவுக்கு வந்தது. பழைய ஆலயத்தின் சக்கிரீஸ்துவில், அதாவது குருக்கள் பூசைக்கு உடை மாற்றும் அறையில், வானம் தெரிய நிற்கிறது. அகழாய்வில் கிடைத்த, ஆலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டிருந்தவர்களின் எலும்புகள் அதன் அடியில் மறுபடியும் வைக்கப்பட்டிருக்கின்றன.

யூதர்களின் அழிவைச் சுமக்கும் ஒரு படைப்பை ஒரு கத்தோலிக்க ஆலயத்தின் எலும்புகளுக்கு மேல் வைப்பது சரியா? கொல்லப்பட்டவர்களின் துயரத்தையும் குண்டுவீச்சில் இடிந்த கொலோனின் துயரத்தையும் ஒரே தட்டில் போடுவதாக ஆகாதா? இந்தக் கேள்வியை லேசாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இடம் மாறியதும் படைப்பு எதையோ இழந்தது என்றே நினைக்கிறேன். ஸ்டொம்மெல்னில் அங்கே இல்லாத மனிதர்களைப் பற்றிப் பேசியது. இங்கே கால் பதித்திருப்பது வேறு மனிதர்கள் மேல். அதே நேரம், தன் இடிபாட்டை மட்டுமே நினைத்து அழும் ஆலயமாக இது ஆகாமல் தடுப்பதும் அந்த எஃகுதான். 'மீட்கப்பட்டவர்' என்ற சொல்லை ஓர் ஆலயத்துக்குள் இனி அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஒரு மறைமாவட்டம் அந்தப் பாரத்தைத் தானாக வரவழைத்துத் தன் வீட்டுக்குள் வைத்ததை மதிக்கிறேன். அதற்கு மேல் எனக்குத் தீர்ப்பு இல்லை.

திறப்பு நாளில் விழுந்த சொல்

2007 செப்டம்பர் 14. திறப்பு நாள் திருவழிபாட்டில் பேராயர் கர்தினால் யோவாக்கிம் மைஸ்னர் மறையுரை ஆற்றினார். பண்பாடு இறைவழிபாட்டிலிருந்து துண்டிக்கப்படும்போது வழிபாடு வெறும் சடங்காக உறைந்துவிடும், பண்பாடு 'சீரழிந்துவிடும்' என்ற பொருளில் பேசினார். அந்த இடத்தில் அவர் சொன்ன ஜெர்மன் சொல் 'என்ட்ஆர்டெட்'. 1937இல் மியூனிக்கில் நாஜிகள் நடத்திய 'சீரழிந்த கலை' கண்காட்சியின் பெயரில் இருந்த அதே சொல். நாடு முழுவதும் கொந்தளிப்பு. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் கொலோன் பேராலயத்தில் கெர்ஹார்ட் ரிக்டர் என்ற ஓவியரின் வண்ணச் சன்னல் திறந்திருந்தது. 72 நிறங்களில் 11,000க்கும் மேற்பட்ட கண்ணாடிச் சதுரங்கள், உருவம் எதுவும் கிடையாது. அதுவும் மைஸ்னருக்குப் பிடிக்கவில்லை.

ஊடகங்கள் சொல்லைப் பிடித்துக்கொண்டன, அது நியாயம்தான். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. சிற்றாலயத்தின் தேவதூதர் சன்னல்களைச் செய்த லுட்விக் கீஸ், 1921இல் ஒரு பாடுபட்ட சுரூபம் செதுக்கினார். லூபெக் பேராலயத்தில் வைத்திருந்தபோது அதன் தலையை யாரோ வெட்டி எறிந்தார்கள். 1937இல் நாஜிகள் அதே சுரூபத்தைப் பறித்து, மியூனிக் கண்காட்சியின் தொடக்கத்திலேயே கேலிப்பொருளாக நிறுத்தினார்கள். பிறகு அது காணாமலே போய்விட்டது. அந்தோனியாரைச் செதுக்கிய மாத்தாரேயையும் நாஜிகள் 1933இல் பேராசிரியர் பதவியிலிருந்து விரட்டினார்கள். 'சீரழிந்த' கலைஞர் என்று முத்திரை குத்தப்பட்ட இந்த இருவரின் கைவேலைக்கு நடுவில்தான் இடிபாடுகளின் மாதா நின்றுகொண்டிருந்தாள். திறப்பு விழா நடந்த கட்டடத்தின் வயிற்றுக்குள்ளேயே அதற்கான பதில் இருந்தது.

மைஸ்னரின் கவலையை முழுவதும் ஒதுக்கவும் முடியாது. ஒரு காலத்தில் மக்கள் முன்னால் விழுந்து மன்றாடிய சுரூபம் இன்று வெறும் 'பொருளாக' ஆகிவிடுமோ என்ற பயம் உண்மையானது. கொலும்பாவைக் கட்டியதும் அவர் பொறுப்பிலிருந்த அதே மறைமாவட்டம்தான். ஆனால் அவர் பயத்துக்கு மருந்து புதிய கலையை விலக்குவதில் இல்லை என்பதற்கு அந்தச் சிற்றாலயமே சாட்சி.

விலை

குறைகளையும் சொல்ல வேண்டும். விளக்க அட்டை இல்லாத சுவர் எல்லோரிடமும் ஒரே அளவு தாராளமாக நடந்துகொள்வதில்லை. உடைந்த சக்கரத்தைப் பார்த்ததும் 'கத்தரீனம்மாள்' என்று சொல்லத் தெரிந்தவருக்கு அந்த மௌனம் சுகம். சமயப் பின்னணி இல்லாத இளைஞருக்கோ, துருக்கியிலிருந்து வந்து கொலோனில் குடியேறிய குடும்பத்துக்கோ அது பூட்டிய கதவாகலாம். கையேடு இருக்கிறது, சரி. ஆனால் கேட்க வெட்கப்படுகிறவர் கையேட்டையும் திறக்க மாட்டார். அறையில் பேச்சுத் துணைக்கு ஆள் இருப்பது இங்கே மற்ற இடங்களைவிட அவசியம்.

இரண்டாவது, பேமின் சிற்றாலயம். ஒரு காலத்தில் திறந்த வெளியில் பகல் வெளிச்சம் நேராக விழுந்த கீஸின் சன்னல்களுக்கு இப்போது செங்கல் இடைவெளிகளில் வடிகட்டிய வெளிச்சம்தான் வருகிறது. பழையதைக் காப்பாற்றப் போர்த்திய கட்டடம் அதன் ஒளியைக் கொஞ்சம் குடித்துவிட்டது. எவ்வளவு அழகான கட்டடம் என்றாலும் இந்த இழப்பை மறைக்கக் கூடாது.

ஒப்பிட ஒரு வேறு வகை முயற்சி: 2019 ஜனவரி முதல் மார்ச் வரை லண்டன் ராயல் அகாதமியில் பில் வயோலாவின் 12 காணொளிப் படைப்புகளையும் மைக்கலாஞ்சலோவின் சித்திரங்களையும் சேர்த்து வைத்தார்கள். 'பில் வயோலா / மைக்கலாஞ்சலோ: வாழ்வு, இறப்பு, மறுபிறப்பு' என்பது தலைப்பு. வின்ட்ஸர் கோட்டையில் அந்தச் சித்திரங்களைப் பார்த்து வயோலா நெகிழ்ந்ததிலிருந்து வந்த யோசனை. நோக்கம் உண்மையானதுதான். ஆனால் பல விமர்சகர்கள் அந்த ஜோடியை ஏற்கவில்லை. சிக்கல் அளவில் தொடங்குகிறது. கை அகலத் தாளில் கறுப்புச் சுண்ணத்தால் தடவித் தடவி வரைந்த சிலுவை மரணத்துக்குக் குனிந்து, மூச்சடக்கிப் பார்க்கும் கண் வேண்டும். சுவர் உயரத் திரையில் நெருப்பும் நீரும் இரைச்சலுமாக விழும்போது அந்தக் கண் திரையின் பக்கம் போய்விடும். இரண்டு பேர் பெயரையும் தலைப்பில் போட்டதும் போட்டியாகவும் ஆகிவிட்டது. கொலும்பாவில் யாரும் யாரோடும் போட்டியிடுவதில்லை, ஏனென்றால் பெயரே சுவரில் இல்லை.

கொலும்பாவில் இல்லாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஏறக்குறைய 1455இல் ரோஹியர் ஃபான் டெர் வெய்டன் வரைந்த ஒரு பீட ஓவியம் இதே கொலும்பா ஆலயத்தில் இருந்தது. 1808இல் கலைச் சேகரிப்பாளர்களான புவாசெரே சகோதரர்கள் அதை வாங்கினார்கள், பிறகு பவேரிய அரசர் லுட்விக் வாங்கினார். இப்போது மியூனிக்கின் ஆல்டே பினாகோதேக்கில் இருக்கிறது. நடுப் பலகையில் மூன்று ஞானிகள் குழந்தையை வணங்குகிறார்கள். ரோஹியர் பெத்லகேம் தொழுவத்தைக் கூரை பிய்ந்த, சுவர் இடிந்த கட்டடமாக வரைந்திருக்கிறார். பின்னால் தெரிவது அவர் காலத்து ஐரோப்பிய நகரம். மாதாவின் தலைக்கு மேல், இடிந்த சுவரின் தூணில், அப்போதுதான் பிறந்த குழந்தைக்கு மேலே, ஒரு சின்னப் பாடுபட்ட சுரூபம் தொங்குகிறது.